பதிலுக்குப் பதில்

இந்த வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றி வந்திருக்கின்றன: வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பது. கடனையும் திருப்பிக் கொடுக்கிறோம், அடியையும் திருப்பிக் கொடுக்கிறோம். எனக்கு மிகவும் பிடித்த பேச்சு இது. சினிமா, அரசியல் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டேன், கேட்டவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

● இந்தியில் 'பத்லா' என்ற சொல்லுக்குப் பழிவாங்குதல், கைம்மாறு என்று இரண்டு பொருளும் உண்டாம். தமிழில் அப்படி ஒரு சொல் இருக்கிறதா?
(கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்)

இருக்கிறது. நீங்கள் என்னிடம் கேட்டு வாங்குவதும் அதைத்தான். பதில்!

அரபியில் 'பதல்' என்றால் மாற்று, ஒன்றுக்கு ஈடாக வைக்கும் இன்னொன்று. அது உருது வழியாக நம்மிடம் வந்து 'பதில்' ஆனது. வடக்கே அதே வேரிலிருந்து 'பத்லா' கிளைத்தது. அங்கே பழி என்ற பொருள் முன்னால் வந்து நின்றுகொண்டது. இங்கே பதில் சாதுவாகிவிட்டது. கேள்விக்குப் பதில், ஆளுக்குப் பதில் ஆள் என்று ஒழுங்காகக் குடித்தனம் நடத்துகிறது. ஆனால் பழைய ரத்தம் எங்கே போகும்? 'பதிலடி' என்று சொல்லிப் பாருங்கள். 'அவங்க நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு வரலை, பதிலுக்கு நாமளும் போகலை' என்று பெரியவர்கள் கணக்குப் பார்க்கிறார்களே, அந்தப் 'பதிலுக்கு'க்குள் பத்லா சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது.

● விடை, மறுமொழி என்று நல்ல தமிழ்ச் சொற்கள் இருக்கும்போது 'பதில்' எதற்கு?
(தமிழாசிரியர், விருத்தாசலம்)

விடை தேர்வுத் தாளில் அழகாக இருக்கிறது, மறுமொழி கடிதத்தில் அழகாக இருக்கிறது. 'பதிலடி'யை 'விடையடி' என்று மாற்றினால் அடியே விழாது ஐயா. தலைமுறை தலைமுறையாக நம் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்த சொல். இருந்துவிட்டுப் போகட்டும்.

● கடனையும் தீர்க்கிறோம், பழியையும் தீர்க்கிறோம், தாகத்தையும் தீர்க்கிறோம். எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தானா?
(ஓய்வுபெற்ற கூட்டுறவு வங்கி ஊழியர், தஞ்சாவூர்)

கேட்க வேண்டிய ஆள்தான் கேட்டிருக்கிறீர்கள். தீர்தல் என்றால் இல்லாமல் போவது, முடிந்துபோவது. அரிசி தீர்ந்தது, காய்ச்சல் தீர்ந்தது, சந்தேகம் தீர்ந்தது. வழக்கு முடிந்தால் தீர்ப்பு. சர்க்காருக்குச் செலுத்த வேண்டியதைச் செலுத்தினால் தீர்வை. முத்திரைத் தீர்வை, ஆயத்தீர்வை எல்லாம் இந்தக் குடும்பம்தான். கோயிலில் கொடுக்கும் தீர்த்தம் மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை இல்லை, அது வடமொழியிலிருந்து வந்தது. 'தீர்த்துக்கட்டினான்' என்றால் ஆளே இல்லை.

ஒரு கடன் தீர்வதை நான் சின்ன வயதில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பார்த்திருக்கிறேன். அப்பா ஒருவருக்குக் கொடுக்க வேண்டிய கடைசித் தவணை. வந்தவர் பணத்தை எச்சில் தொட்டு எண்ணினார். இடுப்பில் செருகியிருந்த துணிப்பையைப் பிரித்து, நாலாக மடித்த புரோநோட்டை எடுத்தார். மடிப்பெல்லாம் விட்டுப்போய்ப் பழுப்பேறிக் கிடந்தது. பின்பக்கம் முழுக்க வரவுக் கணக்கு. ஒவ்வொரு வரவுக்குக் கீழும் அப்பாவின் கையெழுத்து. அதை அப்பாவிடம் நீட்டினார். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் போட்டிருந்த கையெழுத்தை மட்டும் அப்பா தனியாகக் கிழித்தெடுத்து அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதை அடுப்பில் போட்டுவிட்டு வந்து இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்தாள். வந்தவர் குடித்துவிட்டு, மழை பெய்ததா, நாற்று நட்டாயிற்றா என்று விசாரித்துவிட்டுக் கிளம்பினார்.

அதுதான் தீர்தல். கொடுத்தவரும் வாங்கியவரும் அதன்பிறகு ஒரே திண்ணையில் உட்கார முடிந்தது. பழி தீர்த்தவன் யாரோடு உட்கார்ந்து காப்பி குடிப்பான்? சொல் ஒன்றுதான், நடப்பது ஒன்றல்ல. கீழே வரும் பதில்களில் பலவும் இதைச் சுற்றித்தான் போகும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

● கடன் என்றால் கடனா, கடமையா?
(அதே வாசகர்)

கடமைதான் மூத்தது என்று தோன்றுகிறது. புறநானூற்றில் பொன்முடியார் (312ஆம் பாட்டு) தாய்க்கு ஒரு கடன், தந்தைக்கு ஒரு கடன், கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று, மகனுக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுக்கிறார். அதில் வட்டி எதுவும் இல்லை. காலைக்கடன், நேர்த்திக்கடன், நீத்தார் கடன் எல்லாம் அந்தப் பழைய பொருளில் இன்றைக்கும் உயிரோடு இருக்கின்றன.

● பழியை ஏன் 'வாங்குகிறோம்'? அடித்தவனுக்குத் திருப்பிக் கொடுப்பதல்லவா அது?
(வாசகர், நாமக்கல்)

இந்த வாரத்தின் நல்ல கேள்வி உங்களுடையது.

முதலில் 'வாங்கு'. இன்று கடையில் காசு கொடுத்துப் பொருள் வாங்குவதுதான் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அதற்கு வளைத்தல், இழுத்தல் என்ற பொருளும் உண்டு. வில்லை வாங்கினார்கள். அந்த இழுவை இன்னும் மிச்சம் இருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குகிறது. முதலாளி ஆளிடம் வேலை வாங்குகிறார். பிள்ளை உயிரை வாங்குகிறது. கொடுக்க மனமில்லாதவனிடமிருந்து கறந்து எடுப்பதுதான் இந்த வாங்குதல். இந்திக்காரர்களும் பத்லாவை 'எடுக்க'த்தான் செய்கிறார்கள்.

அடுத்தது பழி. இதற்குப் பழங்காலம் தொட்டு முன்னால் நிற்கும் பொருள் நிந்தை, குற்றம், அவப்பெயர். பழிச்சொல், பழிப்பு, வீண்பழி, பழி சுமத்துவது என்று எதை எடுத்தாலும் அதுதான். வசையை நேராகச் சொல்லாமல் மறைத்துச் சொல்லும் அங்கதத்துக்குத் தொல்காப்பியத்தில் பழிகரப்பு என்று பெயர். 'பழிபாவத்துக்கு அஞ்சாதவன்' என்னும்போது பழி பாவத்தோடு ஒட்டிப் பிறந்த பிள்ளை. 'ஆபீஸ் வாசல்லயே பழியாக் கிடந்து கையெழுத்து வாங்கிட்டேன்' என்கிறோமே, அங்கேயும் அதே பழிதான். நான் இங்கே செத்தால் பழி உன் தலையில் விழும் என்று படுத்துக் கிடப்பதாக அதை நான் புரிந்துகொள்கிறேன்.

ஆக, பழி என்பது செய்தவன்மேல் ஒட்டும் கறை. அவன் செய்த குற்றத்துக்கு உரிய விலையை அவனிடமிருந்து கறப்பது பழிவாங்குதல். அகராதிப்படி விஷயம் இதோடு முடிந்தது. ஆனால் சொல்லைக் காதால் கேட்டுப் பாருங்கள். கடன் வாங்கினால் கடன் நம்மிடம் இருக்கும். அடி வாங்கினால் அடி நம் முதுகில் இருக்கும். பெயர் வாங்கினால் பெயர் நமக்கு. பழி வாங்கினால் பழி யாரிடம் இருக்கும்? வேர்ச்சொல் ஆராய்ச்சியாக இதைச் சொல்லவில்லை. இந்த மொழியைப் பேசியே வளர்ந்த ஒருவன் காதில் விழுவதைச் சொல்கிறேன்.

நாளிதழின் மாவட்டப் பக்கத்தைப் புரட்டுங்கள். 'முன்விரோதம்' என்ற சொல் இல்லாத நாள் அரிது. வழக்குக் குறிப்பிலும் செய்தியிலும் ஒன்றாகவே புழங்கும் சொல் அது. 'பழிக்குப் பழியாக' என்று தலைப்பு இருக்கும். கடைசிப் பத்தியில், கொலையுண்டவர் ஏற்கெனவே ஒரு கொலை வழக்கில் ஜாமீனில் வெளியே வந்தவர் என்றிருக்கும். தீர்ந்தது என்று ஒருவன் நினைத்த கணக்கு, இன்னொரு வீட்டு நோட்டில் புதுப் பற்றாக ஏறியிருக்கிறது.

● 'வட்டியும் முதலுமாக' என்பது கடன்காரர் பேச்சா, சண்டைக்காரர் பேச்சா?
(வாசகி, ஈரோடு)

கடன்காரரிடமிருந்து சண்டைக்காரர் கைமாற்றாக வாங்கியது, இன்னும் திருப்பவில்லை. முதலை மட்டும் வாங்கினால் ஈடு. பழிக்கு வட்டி சேர்ந்தே தீரும். பட்ட அடியை எண்ணி, அத்தனையே திருப்பிக் கொடுத்து நிறுத்தியவரை நான் எந்தத் தெருவிலும் பார்த்ததில்லை.

● 'நீலிக் கண்ணீர்' என்கிறார்களே, யார் அந்த நீலி? முதலைக் கண்ணீரும் அதுவும் ஒன்றா?
(பத்தாம் வகுப்பு மாணவர், திருத்தணி)

தம்பி, உங்கள் ஊருக்குப் பக்கத்துக் கதை இது. திருவாலங்காட்டை ஒட்டிய பழையனூர். ஒருவன் தன் மனைவியைக் கொன்றுவிடுகிறான். அவள் பேயாகி அவனைத் தொடர்கிறாள். அவனிடம் ஒரு மந்திரக் கத்தி இருப்பதால் அண்ட முடியவில்லை. பழையனூர் அவையில், கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் கணவர், என்னைக் கைவிடப் பார்க்கிறார்' என்று அழுகிறாள். அவையோர் நம்பிவிடுகிறார்கள். அவன் பயப்படுகிறான். 'உன் உயிருக்கு நாங்கள் 70 பேர் பிணை. கத்தியைக் கொடுத்துவிட்டு அவளோடு இரு' என்கிறார்கள் அவையிலிருந்த வேளாளர்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடக்கிறான். கொடுத்த வாக்குக்காக 70 பேரும் தீப்பாய்ந்தார்கள் என்று முடிகிறது கதை. ஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இதன் சாயல் இருப்பதால், கதை எவ்வளவு பழையது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே கதையில் பழியும் கடனும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. நீலி தன் உயிருக்கு உயிர் வாங்கினாள். வேளாளர்கள் சொல்லுக்கு உயிர் கொடுத்தார்கள். அவர்களைத் தமிழ் தலைமேல் வைத்துக்கொண்டாடுகிறது. அவளுடைய கண்ணீரைப் பொய்க்கு உதாரணமாக்கிவிட்டது. எனக்கு இதில் வருத்தம் உண்டு. மனைவி என்று சொல்லி அழுதது தந்திரம்தான். ஆனால் கொலையுண்டவள் அவள். அவளுக்காக முதலில் யாரும் அவை கூட்டவில்லை. முதலைக்கு அழ ஒரு காரணமும் கிடையாது, நீலிக்கு இருந்தது. இரண்டும் ஒன்றல்ல, தம்பி.

● வஞ்சம், வஞ்சினம்: வேறுபாடு என்ன?
(போட்டித் தேர்வு எழுதுபவர், சிவகங்கை)

வஞ்சம் வயிற்றில் இருக்கும், வஞ்சினம் வாயில் இருக்கும். இதை வைத்துக்கொண்டால் தேர்வில் தப்பாது.

வஞ்சம் என்றால் கபடம். மனத்துக்குள் ஒளித்துவைத்த பகைக்கும் அதுவே பெயர். வஞ்சம் வைத்திருப்பவன் சிரித்துப் பேசுவான். வஞ்சினம் என்றால் எல்லோர் முன்னிலையிலும் சொல்லும் சூளுரை. இன்னது செய்வேன், செய்யாவிட்டால் எனக்கு இன்ன கேடு வரட்டும் என்று தனக்கே ஒரு தண்டனையையும் சேர்த்துச் சொல்வது. இதற்குப் புறத்திணையில் வஞ்சினக் காஞ்சி என்று தனித்துறையே உண்டு. தலையாலங்கானத்துப் பாண்டியன் நெடுஞ்செழியன், பகைவரை வெல்லாவிட்டால் மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும் என்கிறான். ஓர் அரசன் தனக்கு விதித்துக்கொண்ட தண்டனையைப் பாருங்கள்! சிலப்பதிகாரத்தில் மதுரையில் தீ மூளும் காதைக்குப் பெயர் வஞ்சின மாலை. அங்கேயும் கண்ணகி தீக்கு விலக்குப் பட்டியல் கொடுக்கிறாள்: அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழந்தைகள். வஞ்சினத்துக்கு எல்லை உண்டு. வஞ்சத்துக்கு எல்லை கிடையாது.

● எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் துரியோதனன் படுகளம் பார்த்து என் ஐந்து வயது மகள் அழுதுவிட்டாள். குழந்தைகளுக்கு இதைக் காட்டலாமா?
(ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்)

பயந்து அழுதாளா, பாவப்பட்டு அழுதாளா என்று கேட்டுப் பாருங்கள் அம்மா. நானும் முதல்முறை பார்த்தபோது அழுதவன்தான். களத்தை அடைத்துக்கொண்டு மல்லாந்து கிடக்கும் அந்தப் பெரிய மண் துரியோதனன், வெயிலில் லேசாக விண்ட மீசை, தொடைக்குள் புதைத்த சிவப்புத் தண்ணீர். கூத்துக் கட்டியவர் வந்து தொடையில் அடித்ததும் அது பீறிட்டு வருகிறது. விரிந்து கிடந்த கூந்தலை அம்மன் முடிகிறாள். கூட்டம் குலவை போடுகிறது. சபதம் தீர்ந்தது.

அத்தோடு அவர்கள் நிறுத்துவதில்லை. பல ஊர்களில் அன்று சாயங்காலமே தீமிதி. பழி முடித்த கையோடு நெருப்பில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்று யார் இந்த வரிசையை வகுத்தார்களோ, அவர்களை நான் மனதாரக் கும்பிடுகிறேன். அடுத்த முறை படுகளத்தோடு திரும்பிவிடாமல், மகளைத் தோளில் தூக்கிவைத்துத் தீமிதி வரைக்கும் காட்டுங்கள்.

● கர்ணன் செய்தது கைம்மாறா, பழியா?
(வாசகர், திருநெல்வேலி)

துரியோதனன் பக்கம் நின்றது கைம்மாறு. அர்ச்சுனன்மேல் அம்பு விட்டதில் பழைய வடு இருந்தது, சந்தேகமில்லை. ஆனால் பாண்டவர்கள் தன் தம்பிகள் என்று தெரிந்தபிறகும் அவன் இடம் மாறவில்லையே, அந்த நிமிஷத்திலிருந்து அது கடன் மட்டும்தான். 1964இல் வந்த 'கர்ணன்' படத்துக்குக் கண்ணதாசன் எழுதிய பாட்டுதான் 'செஞ்சோற்றுக் கடன்' என்ற புலவர் சொல்லை டீக்கடை வரைக்கும் கொண்டுவந்தது. கம்பனின் கும்பகர்ணனுக்கும் அதே கடன்; அவனிடம் வடுகூட இல்லை. அதனால் எனக்குக் கும்பகர்ணன் ஒரு படி மேல்.

● மொய் எழுதுவது அன்பளிப்பா, கடனா? என் மனைவியோடு பந்தயம்.
(புது மாப்பிள்ளை, புதுக்கோட்டை)

பந்தயத்தில் யார் எந்தப் பக்கம் என்று எழுதவில்லை. கடன் என்று சொன்னவருக்கே வெற்றி. அதிலும் உங்கள் ஜில்லாக்காரர் இதைக் கேட்கலாமா? கீரமங்கலம், வடகாடு, அந்தப் பக்கம் பேராவூரணி வரைக்கும், கல்யாணமோ காதுகுத்தோ இல்லாமலே, மொய் வாங்குவதற்கென்றே கறிச்சோறு போட்டு மொய் விருந்து நடத்துகிறார்களே!

மண்டப வாசலில் மேசை போட்டு இருவர் உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒருவர் பணத்தை எண்ணுவார், ஒருவர் எழுதுவார். மஞ்சள் தடவிய நோட்டு, பிள்ளையார் சுழி, ஊர், பெயர், தொகை. அந்த நோட்டு பீரோவில் நகைக்குப் பக்கத்தில் இருக்கும். பத்து வருஷம் கழித்து ஒரு பத்திரிகை வந்தால், மாமியார் முதலில் தேடுவது புடவையை அல்ல, நோட்டைத்தான். 'அவங்க நமக்கு ஐந்நூத்தி ஒண்ணு செஞ்சிருக்காங்க. கூடப் போட்டுச் செய்யணும்.' வாங்கியதைவிடக் கொஞ்சம் ஏற்றிச் செய்வதுதான் மரியாதை. அப்படிச் செய்தவுடன் கடன் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போய்விடுகிறது. எந்தக் காலத்திலும் முழுசாகத் தீராது.

இந்தத் தீராமையை நான் குறையாகவே நினைக்கவில்லை. புரோநோட்டு தீர்ந்தால் அந்த மனிதர் மறுபடி நம் திண்ணைக்கு வர வேண்டிய அவசியமில்லை. மொய் தீராததால்தான் இரண்டு வீடுகளும் ஒருவர் வாசலை ஒருவர் மிதித்துக்கொண்டே இருக்கின்றன. ஈ மொய்க்கிறது என்கிறோமே, அந்த மொய்தான் இது. கூட்டம் என்று பொருள். ஆள் கூடுவது முதலில், பணம் பிறகு.

மதுரைப் பக்கம் இதையே 'செய்முறை' என்பார்கள். உங்கள் ஊரில் வேறு பெயர் இருந்தால் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போடுங்கள்.

● 'வச்சு செஞ்சுட்டான்' என்று பிள்ளைகள் பேசுகிறார்கள். கேட்கவே நன்றாயில்லை. இது தமிழா?
(தாத்தா, மாம்பலம்)

சுத்தத் தமிழ், தாத்தா. மேலே செய்முறை என்று சொன்னேனே, அந்தச் 'செய்'தான் இது. 'எனக்குச் செஞ்சான்' என்றால் உதவினான். 'என்னை வச்சு செஞ்சான்' என்றால் தொலைத்துக்கட்டினான். பழைய 'செய்வினை'யிலும் செய் உண்டு, 'செய்ந்நன்றி'யிலும் உண்டு. நல்லது கெட்டது இரண்டையும் ஒரே சொல்லில் சுமப்பது நம் வழக்கம். பிள்ளைகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

● கைமாற்றும் கைம்மாறும் ஒன்றா?
(மளிகைக் கடை உரிமையாளர், கும்பகோணம்)

ஒரே வீட்டு அண்ணன் தம்பி. மாறு என்பது மாற்றிக் கொடுப்பது. கைமாற்று என்பது கேட்டவுடன் கொடுக்கும் சின்னக் கடன். எழுத்து இல்லை, வட்டி இல்லை, 'ஒண்ணாந்தேதி தந்துடறேன்' என்ற ஒரு வாக்கு மட்டும். கைம்மாறு என்பது செய்த உதவிக்குத் திரும்பச் செய்வது. வள்ளுவர் ஒப்புரவறிதல் என்ற 22ஆம் அதிகாரத்தைத் தொடங்குவதே கைம்மாற்றை வைத்துத்தான்: மழைக்கு இந்த உலகம் என்ன திருப்பிச் செய்துவிட முடியும் என்று கேட்கிறார். உங்கள் கடைப் பற்று நோட்டில் மழையின் பெயருக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் தெரியும்.

● ஈடு?
(ஒற்றைச் சொல்லில் கேட்டவர், ஸ்ரீரங்கம்)

நகையை ஈடு வைக்கலாம், இழப்புக்கு ஈடு கேட்கலாம், ஈடு இணை இல்லை என்று புகழலாம், சண்டையில் ஈடு கொடுக்கலாம், ஓர் ஈடு இட்லி ஊற்றலாம். உங்கள் ஊரில் கேட்டால் திருவாய்மொழிக்கு எழுதிய உரை, முப்பத்தாறாயிரப்படி என்பார்கள். ஈடு வாங்கியவன் நஷ்டம் அடைபட்டதும் எழுந்து போய்விடலாம். பழி வாங்கியவனால் அது முடியாது.

● எங்கள் செய்தித்தாள்களில் 'அரசியல் பழிவாங்கல்' என்று அடிக்கடி வருகிறது. இந்தியாவிலும் அப்படித்தான் எழுதுகிறீர்களா?
(வாசகர், யாழ்ப்பாணம்)

இங்கே 'பழிவாங்கும் நடவடிக்கை' என்பது அதிகம். உங்கள் நாட்டில் 2020 ஜனவரியில் அரசியல் பழிவாங்கல்களை விசாரிக்க ஜனாதிபதி ஆணைக்குழுவே அமைத்தார்கள். சொல் அரச முத்திரை பெற்றுவிட்டது. எங்கள் ஊர்த் தொழிற்சங்கத் தட்டிகளில் வெகுகாலமாக இருக்கும் சொல் இது: 'பழிவாங்கும் இடமாற்றத்தை ரத்து செய்!'

ஒன்றைக் கவனியுங்கள். இங்கே பழிவாங்கப்பட்டவன் யாருக்கும் தீங்கு செய்தவன் இல்லை. சம்பளம் கேட்டான், சங்கம் சேர்த்தான், உண்மையைச் சொன்னான். கீழே இருப்பவன் உரிமை கேட்டதையே மேலே இருப்பவன் தனக்குச் செய்த குற்றமாக எடுத்துக்கொண்டு கணக்குத் தீர்க்கிறான். தெருச் சண்டைப் பழியைவிட இதை மோசமானதாக நினைக்கிறேன். தெருவில் அரிவாள் தெரியும். இங்கே வருவது ஒரு பழுப்பு உறை.

● தீமை செய்தவருக்கு நன்மை செய் என்று வள்ளுவர் சொன்னது நடைமுறைக்கு ஆகுமா?
(காவல்துறையில் பணிபுரிபவர், வேலூர்)

அவர் அதைச் சொல்லும் இடத்தில் (314) 'ஒறுத்தல்' என்ற சொல்லை வைத்திருக்கிறார். ஒறுத்தல் என்றால் தண்டித்தல். தீமை செய்தவனைத் தண்டிக்காதே என்று அவர் சொல்லவில்லை. அவன் வெட்கப்படும்படி நன்மை செய்துவிட்டு அதை மறந்துவிடு, அதுதான் தண்டனை என்கிறார். அந்த நாணம் அவனுக்குத் தீராது. பொறையுடைமையில் இன்னொரு கணக்கும் போடுகிறார் (156): தண்டித்தவனுக்கு ஒரு நாள் இன்பம், பொறுத்தவனுக்கு உலகம் உள்ளவரை புகழ். உங்கள் வேலையில் முதல் நாள் சிரித்துக்கொண்டே சரணடைந்தவர்களையும், ஆறு மாதம் கழித்து அவர்களைப் பார்க்கச் சிறைப் பார்வையாளர் வரிசையில் நின்றவர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த 'ஒரு நாள்' சரியான அளவா என்று நீங்கள்தான் எனக்கு எழுத வேண்டும்.

● என் தம்பி என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கி, பூர்வீக வீட்டைத் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டான். தெரிந்து இரண்டு வருஷம் ஆகிறது. அவனைப் பழிவாங்காமல் என் மனசு ஆறாது. ஊரார் முன்னால் அவன் தலைகுனிய வேண்டும். ஒரு வழி சொல்லுங்கள்.
(பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்கு பக்கத்தில் தம்பியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். பத்திரத்தைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கிறது. பதிவு எண் இல்லை, தேதி இல்லை, வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா என்று இல்லை.

பழிக்குக் காலாவதி கிடையாது. எத்தனை வருஷம் வேண்டுமானாலும் மனசில் கிடக்கும். வழக்குக்கு உண்டு. கையில் கொடுத்த கடனுக்கு 3 ஆண்டு. ஏமாற்றி எழுதி வாங்கிய பத்திரத்தை ரத்து செய்யக் கேட்பதற்கும், உண்மை உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து 3 ஆண்டு. இரண்டு வருஷம் தம்பி எப்போது தலைகுனிவான் என்று நினைத்து நினைத்தே போய்விட்டது. உங்களிடம் மீதி இருப்பது ஏறக்குறைய ஓராண்டு. நீங்கள் 'இரண்டு வருஷம்' என்பது குத்துமதிப்பாக இருந்தால், அதைவிடக் குறைவு.

சார்பதிவாளர் அலுவலகத்தில் விண்ணப்பித்துப் பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் வில்லங்கச் சான்றையும் வாங்குங்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு சொத்து வழக்கு நடத்தும் ஒரு வக்கீலைப் பாருங்கள். வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லையென்றால், மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இலவச சட்ட உதவி மையம் இருக்கும், போய்க் கேளுங்கள். இந்த இதழ் கையில் கிடைத்த மறுநாளே போய்விடுங்கள், ஐயா.